சார்ஜ் துளையில் கோதுமை மாவு

"ஹலோ… ஹலோ… கேக்குதா? … ஆமா, ஆமா, நான்தான். லைன் கட் ஆயிடுச்சு, அதான் திரும்பப் போட்டேன். … இல்லக்கா, மறுபடியும் முதல்லேருந்து வேணாம். ஒன்னை அமுக்கி, மூணை அமுக்கி, இருபது நிமிஷம் உங்க பாட்டைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அதே புகார்தான். நம்பர் சொல்லவா? … சரி, சொல்றேன்."

நெக்ரூஸ் புகார் எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தான். காலையிலிருந்து ஓடு ஒட்டும் பசையில் கை தோய்ந்ததில் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்துவிட்டன. அழியும் என்று தெரிந்தே அந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"நாலு, நாலு, ஒன்பது… அப்புறம் ஏழு, பூஜ்யம். … ஆமா. பேரு நெக்ரூஸ். … இல்ல, நவ்ரூஸ் இல்ல. அது பண்டிகை. நான் நெக்ரூஸ். … பரவால்ல, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க, என் வேலை அட்டையிலயும் பண்டிகைதான் இருக்கு. … ஊரு பஞ்சகெந்த். … தஜிகிஸ்தான்ல. இங்க அல்மாட்டியில குளியலறைக்கு ஓடு ஒட்டறேன். … அதுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் தெரியலக்கா, நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

அவன் உட்கார்ந்திருந்தது ஒரு குளியல் தொட்டிக்குள். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத புதுத் தொட்டி, குழாய் இல்லை, தண்ணீர் இல்லை. கட்டி முடியாத அந்தக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஜன்னல் ஓரத்து இந்தத் தொட்டிதான். கையிலிருந்த போன் இஸ்மத்துடையது. இருவரும் ஒரே அறையில் தங்கி ஒரே சுவரில் ஓடு ஒட்டுகிறவர்கள். பதினான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது. மின்சாரம் இன்னும் எட்டாவது மாடிக்கு ஏறவில்லை.

"அக்கான்னு கூப்பிடக் கூடாதா? … இருபத்தொன்னா. சரி, எனக்கு இருபத்தினாலு. அப்ப தங்கச்சி. … கிண்டல் இல்லம்மா. பேரு என்ன சொன்னீங்க? … கர்லிகாஷ். சரி, தங்கச்சி கர்லிகாஷ், கேளுங்க. நேத்து இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கீங்க. படிக்கறேன். 'சார்ஜ் துளையில் அந்நியப் பொருள், அழுக்கு. வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வாரண்டி செல்லாது. கருவியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.' … ஆமா, அதுவேதான். அதைத்தான் நான் ஒத்துக்கல. … என்ன வேணும்னா… போன் ஆன் ஆகணும். வேற ஒன்னும் வேணாம். … இல்ல, வேற போன் இல்ல. என் போன். அதே போன். உள்ளே ஒரு வீடியோ இருக்கு, அது வேற எங்கேயும் இல்ல."

ஐம்பத்திரண்டு விநாடி ஓடும் வீடியோ அது. ஜூன் மாதம் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பக் கிளம்பும்போது அம்மாவை எடுத்தது. முற்றத்தில் நின்று அவள் ஒரு கிண்ணத்திலிருந்து மாவை அள்ளி அவன் வலது தோளில் தூவுகிறாள். தூரம் போகிறவர்களுக்குத் தடங்கலில்லாத வெள்ளைப் பாதை வேண்டும் என்று அங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறகு காமிராவைப் பார்த்து, இதுவும்தானே அத்தனை தூரம் போகுது என்று சொல்லி, போனின் மேலும் ஒரு பிடி தூவினாள். வீடியோ அங்கே வெள்ளையாகிவிடும். வெள்ளைக்குப் பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

"… இல்ல, நெட்ல எங்கேயும் ஏத்தி வைக்கல. இடம் ரொம்பிடுச்சு, இடம் ரொம்பிடுச்சுன்னு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னு நான் தள்ளிக்கிட்டே இருந்தேன். … தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. … ஆமா, சிம்மும் உள்ளேதான். எடுத்துட்டுக் குடுன்னாங்க, அந்த ஊசி என்கிட்ட இல்ல, அப்படியே குடுத்துட்டேன். … பிப்ரவரியில வாங்கினேன். உங்க கடையிலதான். பஜார் பக்கத்துக் கிளை. ஒரு வருஷ வாரண்டின்னு ரசீதுல சீல் போட்டிருக்கு, அட்டைப்பெட்டிகூடத் தூக்கிப் போடல, தலைமாட்டுலதான் இருக்கு. … கீழே போடல. தண்ணியில போடல. ஓட்டு வேலை செய்யறேன்னு சொன்னேனே, வேலை நேரத்துல போன் கோட்டுப் பையிலதான் இருக்கும், கோட்டு ஆணியில தொங்கும்."

அவள் படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. நெக்ரூஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ஒன்பது நாளாகவே அவன் அப்படித்தான் இருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், மாடி ஏறு என்றால் ஏறினான். ஓடுகள் மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் நேராக உட்கார்ந்தன. மேஸ்திரிகூட இந்த வாரம் உன் கை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"… எப்போ நின்னுச்சா. பதினேழாம் தேதி. … நேரமா. நேரமும் எழுதணுமா. … ஒன்னு இருபது. … ம், பகல். … இல்ல, சுமாரா இல்ல. சரியா ஒன்னு இருபது. … எப்படித் தெரியும்னா… தெரியும். எழுதிக்கோங்க."

அன்று காலை முற்றத்தில் சரிந்த அம்மா எழவில்லை. பகல் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். அவனுடைய பாஸ்போர்ட், இங்கே தங்குவதற்கான பதிவைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் இருந்தது, மூன்று நாள் கழித்துத்தான் வரும், அது இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அதனால் தங்கை சனவ்பர் முற்றத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பதாகவும், அவன் இங்கிருந்து பார்ப்பதாகவும் முடிவாயிற்று. மின்சாரம் இருக்கிற கீழ்த்தளத்தில் அவன் காத்திருந்தான். ஒன்று பத்துக்கு போனில் மூன்று சதவீதம் இருந்தது. சார்ஜர் முனை துளைக்குள் பாதிதான் போயிற்று. வாரக்கணக்காகவே அது அப்படித்தான், ஒரு தீக்குச்சியை முட்டுக்கொடுத்துச் சாய்த்துப் படுக்க வைத்தால் ஏறும். அன்று எப்படிச் சாய்த்தும் ஏறவில்லை. முற்றத்தில் சனவ்பரின் முகம் தெரிந்தது, அவளுக்குப் பின்னால் பெண்களின் தலைத்துணிகள் தெரிந்தன, அவள் போனைத் திருப்புவதற்குள் திரை கறுத்துவிட்டது.

"… ஆமா, லைன்ல இருக்கேன். … பழுது உடனே வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சான்னா… கொஞ்சம் கொஞ்சமாத்தான். … ஜூலையிலயே தெரியும். … ஏன் அப்பவே கொண்டு வரலைன்னா… அது வந்து… அதைத் துடைக்கக் கூடாது. … என்னத்தையா. அந்த… உள்ளே இருக்கறதை. … இல்ல, எனக்குத் தெரியும் அது என்னன்னு. … இருங்க, இருங்க, சொல்றேன். கோதுமை மாவு. … மாவு. ரொட்டி சுடற மாவு."

எதிர்முனையில் விசைச் சத்தம் நின்றது.

"… வெள்ளைப் பொடிதான், ஆமா. மாவு வெள்ளையாத்தானே இருக்கும். … என்ன, எப்படிப்பட்ட பொடியா? … தங்கச்சி, நான் தஜிக்காரன்னதும் வெள்ளைப் பொடின்னா உங்களுக்கு வேற ஒன்னு ஞாபகம் வருதா? … நீங்க கேக்கல, சரி, உங்க கம்ப்யூட்டர் கேக்குது. கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க, எங்கம்மா போட்ட மாவு. நான் இங்க கிளம்பும்போது தோள்ல தூவினாங்க, போன் மேலயும் தூவினாங்க, சார்ஜர் சொருகச் சொருக உள்ளே போய் அடைஞ்சுக்கிச்சு. வீட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் துடைக்காதேன்னாங்க. நான் துடைக்கல. சட்டையிலேருந்தது தானா உதிர்ந்துடுச்சு. இதுல இருந்தது மட்டும் இருந்துச்சு. … ஆமா, ஒரு ஊசி இருந்தா ரெண்டு நிமிஷ வேலைதான். தெரியும். … தெரியும்மா. இஸ்மத்கூடச் சொன்னான், குடுடா நான் குத்தி எடுக்கறேன்னு. … நான்தான் குடுக்கல. … அம்மாவா, இப்ப இல்ல. போன் நின்ன அன்னிக்குத்தான் போனாங்க."

அதைச் சொல்லும்போது அவன் குரல் ஓட்டின் அளவைச் சொல்வது போலத்தான் இருந்தது. சொன்னபிறகு தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினான்.

"… சரி. … சரி, மேலதிகாரிகிட்டயே குடுங்க. … எவ்வளவு நேரம்? இது அடுத்தவன் போன், சார்ஜ் ஒன்பதுதான் இருக்கு. … பாட்டு வேணாம், பாட்டு இல்லாமக் காத்திருக்க முடியாதா? … சரி. போடுங்க."

பாட்டு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். இஸ்மத் கதவு இல்லாத வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய சம்சா, வாய் நிறைய இன்னொன்று. பாட்டைக் கேட்டு இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினான், பிறகு தன் போனைச் சுட்டி, கழுத்தை அறுக்கிற மாதிரி சைகை செய்தான்.

"தெரியுதுடா, உன் போன் செத்துடும். நாளைக்கு உனக்கு ரெண்டு சம்சா வாங்கித் தரேன். … வேணாம், நீ சாப்பிடு. … காலையில சாப்பிட்டேன். … சாப்பிட்டேன்டா, டீ குடிச்சேன்ல."

இஸ்மத் சம்சாவைத் தொட்டிக்குள், அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தான். எண்ணெய் பிளாஸ்டிக் உறையில் வட்டமாகப் படர்ந்தது. பிறகு அவன் போகாமல், வாசலிலேயே சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது நாளாக அவன் நெக்ரூஸிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். என் போனில் ஊருக்குக் கூப்பிடு, அவர்கள் பயந்துபோயிருப்பார்கள் என்று. என் போன் ரிப்பேரில் இருக்கிறது, வரட்டும் என்பான் நெக்ரூஸ். என் போன் ரிப்பேரில் இல்லையே என்பான் இஸ்மத். அதோடு பேச்சு நின்றுவிடும்.

உண்மையில் அன்று அவன் கூப்பிட்டிருந்தான். திரை கறுத்ததும் எட்டு மாடியும் ஏறி ஓடிவந்து, இஸ்மத்தின் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தது இதே தொட்டியில்தான். சனவ்பர் கோடையில் எண்ணை மாற்றியிருந்தாள், புது எண் அவனுக்கு மனப்பாடமில்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண், அது அம்மாவுடையது. அதைப் போட்டான். நெடுநேரம் அடித்தது. கடைசியில் பக்கத்து வீட்டு ஹலீமா அத்தை எடுத்து, இப்போதுதான் கொண்டுபோனார்கள் மகனே என்றாள். அதற்குப் பிறகு அந்த எண்ணை அவன் போடவில்லை. விரல் முதல் மூன்று இலக்கம் வரை போகும், அங்கே நின்றுவிடும்.

"ஹலோ… வணக்கம், வணக்கம் அண்ணே. … ஆமா, நெக்ரூஸ்தான், சரியா சொன்னீங்க. … சொன்னேன், அந்தப் பொண்ணுகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. … ஆமா. … ம். … ம். … இருங்கண்ணே, மெதுவா சொல்லுங்க. புரியல. … புது போனா? … இலவசமா?"

வாசலில் இஸ்மத் மெல்லுவதை நிறுத்தினான்.

"… ஏன் திடீர்னு? … ஆமா, அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும். … நன்றி அண்ணே. பதினேழாம் தேதி. … ஆமா, எங்கம்மாதான். … உங்களுக்கு நல்லது நடக்கட்டும். … சரி, நான் என்ன சொல்லணும்? … உள்ளே என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு. … அவ்வளவுதானா. பொடி எப்படி வந்துச்சுன்னு தெரியாதுன்னு சொன்னா, அது கம்பெனிக் குறை, உடனே புதுசு. … சாயங்காலமே வாங்கிக்கலாம். … புரியுது. … அந்தப் பழையது? … திருப்பி அனுப்பிடுவீங்க. … அங்க என்ன பண்ணுவாங்க? … நொறுக்கிடுவாங்க."

இஸ்மத் எழுந்து வந்து, இரண்டு கையையும் கூப்பி, உள்ளங்கைகளை விரித்து, தலையை ஆட்டினான். வாங்கிக்கொள் என்பதற்கு அவனுக்குத் தெரிந்த எல்லாச் சைகையையும் செய்தான். கடைசியில் தன் நெற்றியில் தட்டிக் காட்டினான்.

நெக்ரூஸ் கண்ணை மூடிக்கொண்டான். தெரியாது என்று சொன்னால் போதும், ஒரு சொல். புதுப் பெட்டி, புது சார்ஜர், சாயங்காலம் சிம்மைப் போட்டால் மேஸ்திரி கூப்பிடுவார், ஊர் கூப்பிடும். கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டால் பழைய போன், அதுவும் ஆன் ஆகுமா என்று யாருக்கும் தெரியாது.

"… அண்ணே, இந்தப் பேச்சு பதிவாகுதுல்ல? … ஆமா, ஆரம்பத்துல அந்த மெஷின் சொல்லுச்சு. … அப்ப எழுதிக்கோங்க. எனக்குத் தெரியும். அது கோதுமை மாவு. … இல்லண்ணே, யோசிச்சுத்தான் சொல்றேன். … நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, தெரியும். ஆனா எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்ல? எனக்கு அது மட்டும்தான் தெரியும். … கவனக்குறைவா. எழுதிக்கோங்க. யார் கவனக்குறைவுன்னு கேட்டா என் பேரைப் போடுங்க. எங்கம்மா பேரு வரக்கூடாது. நான் சுத்தம் பண்ணியிருக்கணும், பண்ணல, அதான். … ஒத்துக்கறேன். சுத்தம் பண்ற கூலி நான் குடுத்துடறேன். … ஒரே ஒரு விஷயம். அதுல அழுக்குன்னு போட்டிருக்கீங்க. அதை எடுத்துட்டு மாவுன்னு போடுங்க. … பட்டியல்ல இல்லைன்னா கையால எழுத முடியாதா? … சரி. நன்றி."

இஸ்மத் மூட்டையின் மேல் திரும்பப் போய் உட்கார்ந்தான். இனிமேல் சைகை செய்ய ஒன்றுமில்லை என்பது போல மீதி சம்சாவைத் தின்றான்.

மேலதிகாரி நேராக போன் பழுது பார்க்கும் பட்டறைக்கு இணைப்புக் கொடுத்தார். இந்த முறை பாட்டு இல்லை. எங்கோ ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தமும் யாரோ இருமுகிற சத்தமும் கேட்டது.

"ஹலோ… அண்ணே, என் போன் உங்ககிட்டதான் இருக்குன்னாங்க. நீல நிறம், பின்னாடி ஒரு கீறல். … ஆமா, அதேதான். பக்கத்துலயே இருக்கா. … நெக்ரூஸ். … இல்ல, புதுசு வேணாம்னுட்டேன். … ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என் கூட இருக்கறவனும் இப்ப என்னை அப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கான். … அது பொடி இல்ல, மாவு. … நீங்க எந்த ஊரு? பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கு. … சமர்கந்தா. எங்க ஊர்லேருந்து எல்லையைத் தாண்டினா வந்துடுமே. … அப்ப நான் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும். … ஆமா, வலது தோள்ல. … ஆமா, அதேதான். … போன் மேல யாரும் தூவ மாட்டாங்கதான். எங்கம்மா தூவினாங்க. … சிரிங்க, பரவால்ல. அவங்களும் சிரிச்சாங்க."

பட்டறைக்காரன் ஊசியை எடுத்திருக்க வேண்டும். அவன் மூச்சு போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"… அண்ணே, ஊதாதீங்க. … காத்துக் குழாயால ஊதாதீங்க. குத்தி எடுங்க. எடுத்ததை ஒரு காகிதத்துல போட்டு மடிச்சு வைங்க. … கொஞ்சந்தான் இருக்கும், தெரியும். அந்தக் கொஞ்சத்தைத்தான் சொல்றேன். … நான் இன்னும் வீட்டுக்குப் போகல. … ஆமா, பாஸ்போர்ட் வந்துடுச்சு. … டிக்கெட் இன்னும் போடல. … தெரியல. போகணும். … ம். … கட்டியா வருதா. … கறுத்துப் போச்சா. வெள்ளையா இல்லையா. … பரவால்ல. அதையும் வைங்க."

நான்கு சதவீதம். நெக்ரூஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தான்.

"… முனை உள்ளே போகுதா? … முழுசாவா? … ஏறுதா. … சரி. … சரி. … காத்திருக்கேன். … ரகசிய எண் இல்ல, கோடு இழுக்கணும், இடதுலேருந்து கீழே, அப்புறம் குறுக்கே. … ஆமா. … ஆன் ஆயிடுச்சா."

இஸ்மத் எழுந்து நின்றுவிட்டான். நெக்ரூஸ் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"… வீடியோ அப்புறம் பாத்துக்கலாம். இருக்கும். … மெசேஜா. வரும், ஒன்பது நாள் மெசேஜ் மொத்தமா வரும். … படிக்க வேணாம்ணே. … தவறிய அழைப்பா. எத்தனை? … எல்லாம் ஒரே நம்பரா? … தினமும் இந்த நேரத்துக்கா? … எனக்கு எப்படித் தெரியும்ணே, போன் உங்ககிட்ட இருக்கு."

அப்போது அது அவனுக்கே கேட்டது. நகரத்தின் அந்தக் கோடியில், பட்டறை மேசையின் மேல், அவனுடைய போன் அடித்தது. அவன் வைத்திருந்த மணியோசைதான். ஒன்பது நாளாக அதைக் கேட்கவில்லை.

"… கேக்குது. … யாருன்னு காட்டுது? … எடுக்காதீங்க. … அண்ணே, எடுக்காதீங்க. … இல்ல, அது எங்கம்மா இல்ல. பேர்தான் அப்படிக் காட்டும். அம்மா போனை இப்ப தங்கச்சிதான் வெச்சிருப்பா. … ஆமா, நின்னுடும். கொஞ்ச நேரம் அடிச்சு நின்னுடும். … இன்னும் அடிக்குதா. … கேக்குது, கேக்குது."

அவன் கால்களை மடக்கி முழங்காலில் நெற்றியை வைத்தான். சம்சாக் காகிதம் நசுங்கியது.

"… எடுங்க. … எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. அந்த போனை நீங்க பேசற போனுக்குப் பக்கத்துல வைங்க, ரெண்டையும் ஒட்டி வைங்க. … ஆமா. வெச்சுட்டீங்களா."

"ஹலோ… சனவ்பர். … ஆமா, ஆமா, நான்தான். … ஆமாடி, நான்தான். … நல்லா இருக்கேன். போன் ரிப்பேர். … வேற ஒன்னும் இல்ல, சத்தியமா போன் ரிப்பேர்தான். … பயந்துட்டியா. … தெரியும், கூப்பிட்டிருக்கணும். … அந்த நம்பரைப் போட முடியல. … ம். … அழாதே. … இல்ல, நான் அழல. எனக்கு ஒன்னும் வரல சனவ்பர். அன்னிலேருந்து ஒன்னுமே வரல. ஓடு மட்டும் நேரா ஒட்டறேன். … வரேன். பாஸ்போர்ட் வந்துடுச்சு. … சனிக்கிழமை பஸ் இருக்கு. … வரேன்னு சொல்றேன்ல. … கேளு, இது அடுத்தவன் போன், ரெண்டு சதவீதம்தான் இருக்கு, கட் ஆயிடும். அன்னிக்கு நான் பாக்கல. நீ போனைத் திருப்பறதுக்குள்ள போயிடுச்சு. நீ பாத்ததைச் சொல்லு. … நீ பாத்த வரைக்கும். வாசல் வரைக்கும் பாத்திருப்பேல்ல, அது போதும். முதல்லேருந்து சொல்லு. … மெதுவாச் சொல்லு."

"… வாதுமை மரத்துக்குக் கீழேயா. … ம். … நீலப் போர்வை. … ம். … யாரு, ரஹ்மத் மாமாவும் வந்தாரா. … வாசக்கதவைக் கழட்டினாங்களா. … ஆமா, அகலம் பத்தாது. அப்பாவுக்கும் கழட்டினாங்க. … ம். … ம். … ஹலீமா அத்தை என்ன பண்ணினா? … மாவா."

நெக்ரூஸ் நெற்றியைத் தூக்கினான்.

"… எல்லாரும் வேணாம்னு சொல்லியுமா. … எங்க தூவினா? … வலது பக்கம். … ம். … அப்புறம்? … ம். … அப்புறம் சொல்லு. …"

காதில் சத்தம் நின்றது. இஸ்மத்தின் போன் அணைந்திருந்தது.

கறுத்த திரையை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பஜார் பக்கத்துப் பட்டறை மேசையில் இரண்டு போன்கள் ஒட்டி வைத்தபடி இருக்கும், சனவ்பர் அங்கே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள், சமர்கந்துக்காரன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். நெக்ரூஸ் போனை இஸ்மத்திடம் நீட்டினான். தொட்டியிலிருந்து இறங்கி, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, படிகளில் இறங்கத் தொடங்கினான்.